வெல்டர் கேட்ட தளமும் ஃபிட்டரைத் தேடிய கேப்டனும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பதிவின் எல்லை

இந்தியாவின் கிழக்குக் கரையில் ஒரு கப்பல் கட்டும் தளம், அதற்கு உதவிவந்த பொறியியல் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி மையம், கடற்படையிலிருந்து விலகி அந்த மையத்துக்கு வந்த ஓர் அதிகாரி ஆகியோர் சேர்ந்து செய்த வேலையின் பதிவு இது. மையத்தின் பயிற்சிப் பிரிவை ஒருங்கிணைத்தவன் என்ற முறையில் கூட்டக் குறிப்புகளும் ஆய்வுப் படிவங்களும் என் வழியாகத்தான் போய்வந்தன. ஆட்களின் பெயரோ தளத்தின் பெயரோ கப்பலின் எண்ணோ இங்கே இராது. அடையாளம் காட்டிவிடக்கூடிய வேறு சில விவரங்களையும் விட்டிருக்கிறேன். ஆட்பயிற்சித் திட்டம் தீட்டுகிறவர்களுக்கும், சீருடையைக் கழற்றிவிட்டு இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

பின்னணி

அதிகாரி கடற்படையின் கப்பல் வடிவமைப்புப் பிரிவைச் சேர்ந்தவர்; கேப்டன் பதவியில் இருந்தபோது விலகினார். கடற்படைக் கேப்டன் ராணுவத்தின் கர்னலுக்கு இணை. 20 ஆண்டுப் பணி முடித்தவர் ஓய்வூதியத்தோடு விலகலாம் என்பதால் ஐம்பது வயதை ஒட்டி வெளியே வந்து இரண்டாம் வேலை தேடும் அதிகாரிகள் நம்மிடம் நிறையவே உண்டு. பெரும்பாலானவர்கள் நிறுவனங்களின் நிர்வாகப் பதவிக்கோ பாதுகாப்புத் தளவாட விற்பனைக்கோ போய்விடுகிறார்கள். இவர் கல்லூரிக்கு வந்தார்.

அதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஓய்வுபெற்ற ஓர் ஆண்டுக்குள் தனியார் வணிக நிறுவனத்தில் சேர மூத்த அதிகாரிகள் அரசின் அனுமதி பெற வேண்டும். இவர் பணிக்காலத்தின் பெரும்பகுதியைப் போர்க்கப்பல் மேற்பார்வைக் குழுக்களில் கழித்தவர். கடற்படைக்குக் கப்பல் கட்டும் தளங்களில் அமர்ந்து, வேலை வரைபடப்படி நடக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடும் குழு அது. நேற்றுவரை யாருடைய வேலையைத் திருப்பி அனுப்பினாரோ அவர்களிடமே சம்பளம் வாங்குவது முறையல்ல என்று அவருக்கே தோன்றியது. மற்றொரு காரணத்தை எங்கள் முதல் சந்திப்பிலேயே சொன்னார்: "கப்பல் தாமதமாகிறது என்று கடிதம் எழுதியதெல்லாம் என் கைதான். ஏன் தாமதமாகிறது என்று உள்ளே போய்ப் பார்க்க எனக்கு நேரமே கிடைத்ததில்லை."

நாட்டு நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாகப்பட்டினத்தில் 1941-இல் தொடங்கிய தளத்திலிருந்து 1948-இல் 'ஜல உஷா' நீரில் இறங்கியது. 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பல் கடற்படையில் சேர்ந்தது. அதற்கான எஃகே ஐதராபாத் ஆய்வகத்தின் முயற்சியால் உள்நாட்டில் உருவானது. ஆனாலும் உலகக் கப்பல் கட்டுமானத்தில் இந்தியாவின் பங்கு ஒரு சதவீதத்தைத் தொடவில்லை. சீனா, தென் கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளே பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கட்டுகின்றன. வடிவமைக்கத் தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். குறித்த நாளில் கட்டி முடிப்பதில்தான் பின்தங்குகிறோம். அதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் 'திறன்மிக்க ஆட்கள் இல்லை' என்ற பதில் தயாராக இருக்கும்.

தளம் கேட்டது

எங்கள் மையத்துக்குத் தளம் அனுப்பிய கோரிக்கையும் அந்தப் பதிலைத்தான் சொன்னது. வெல்டர்கள் போதவில்லை, வருகிறவர்கள் சில மாதங்களில் போய்விடுகிறார்கள், மறுவேலை அதிகம், செங்குத்து நிலையிலும் தலைக்கு மேலும் வெல்டு செய்யத் தெரிந்த, வகைப்பாட்டுச் சங்கத்தின் (கப்பல் தர விதிப்படி கட்டப்படுகிறதா என்று சோதித்துச் சான்று தரும் அமைப்பு) சான்று பெற்ற ஆட்களைத் தயார் செய்து தர வேண்டும். இதற்காக மானியத்தில் மெய்நிகர் வெல்டிங் கருவி ஒன்றும் வாங்கப்பட்டு, அதிகாரி வருவதற்கு முன்பே உறை பிரிக்காமல் மூலையில் இருந்தது. முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு, தீப்பொறி இல்லாமல் வெல்டு பழகும் கருவி.

ஆராய்ச்சிப் பக்கம் மையம் வேறு ஒன்றில் இறங்கியிருந்தது: வெல்டிங் சூட்டால் தகடுகள் வளைவதைக் கணினியில் முன்கூட்டிக் கணிப்பது. மாணவர்கள் நல்ல கட்டுரைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டுரைகளில் தகடுகள் எப்போதும் சரியான இடைவெளியில்தான் சேரும். பயிற்சியும் ஆராய்ச்சியும் ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இருந்தன. ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை இல்லை.

அதிகாரி முதலில் செய்தது பயிற்சித் தொடக்கத்தைத் தள்ளிப்போட்டது. "ஆள் பற்றாக்குறை என்பது அவர்கள் சொல்லும் நோய். நாடி பார்க்காமல் மருந்து எழுத வேண்டாம்" என்றார். தள நிர்வாகத்துக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் கேப்டன் கேட்டதை மறுக்கவும் அவர்கள் தயங்கினார்கள். பழைய பதவியின் செல்வாக்கு இந்த ஒரு விஷயத்தில் உதவியது. பல விஷயங்களில் அதுவே இடைஞ்சலாகவும் இருந்தது.

தளத்தில் கண்டது

இன்று கப்பலை அடியிலிருந்து மேலாக முழுசாக எழுப்புவதில்லை. பிளாக் என்று சொல்லப்படும் பெரிய துண்டுகளாகக் கூரையின் கீழ் கட்டி, கிரேனால் தூக்கிக்கொண்டுபோய் ஒன்றோடொன்று சேர்க்கிறார்கள். பல பிளாக்குகளைத் தலைகீழாகக் கட்டுவது வழக்கம். அப்போது தலைக்கு மேல் செய்ய வேண்டிய வெல்டிங் குனிந்து செய்யும் வெல்டிங்காக மாறிவிடும். ஒரு பிளாக்கில் முதலில் ஃபிட்டர் குழு தகடுகளையும் விறைப்புச் சட்டங்களையும் இடத்தில் நிறுத்தி, ஆப்பு அடித்து, பொட்டு வெல்டு வைத்துப் பிடிக்கும். பிறகு வெல்டர் குழு வரும்.

அதிகாரி வெள்ளைத் தலைக்கவசம் அணிந்து நடந்த முதல் வாரங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். கேட்டதற்கெல்லாம் "ஜி சார்" என்றார்கள். கப்பலில் அது மரியாதை. இங்கே அது ஆளை அனுப்பிவைக்கும் வழி என்பது அவருக்குப் புரியச் சிறிது காலம் பிடித்தது. பிறகு இரவு ஷிப்டில் வரத் தொடங்கினார். தளத்தின் மிகப் பழைய ஃபோர்மேன் ஒருவர் அங்கேதான் அவரிடம் பேசினார்.

"வெல்டரைத் திட்டிப் பயனில்லை சார். அவன் கையில் என்ன இடைவெளியைக் கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள்."

கப்பலின் அடியில் இரண்டு அடுக்குத் தகடுகளுக்கு நடுவே ஆள் தவழ்ந்து போகும் அறை ஒன்றுக்குள் இருவரும் டார்ச்சோடு இறங்கினார்கள். செங்குத்துத் தகடு கிடைத் தகட்டைச் சந்திக்கும் மூலையில் பளபளப்பான வெல்டு ஓடியிருந்தது. பார்வைக்குக் குறை ஒன்றுமில்லை. ஃபோர்மேன் கிரைண்டரை வைத்து ஒரு சாண் நீளம் தேய்த்தார். வெல்டு உலோகம் தேய்ந்ததும் உள்ளே ஓர் இரும்புக் கம்பி தெரிந்தது. பூச்சைத் தட்டிவிட்டு இடைவெளிக்குள் திணிக்கப்பட்ட வெல்டிங் ராடு. அதன்மேல் மெல்லிய ஒரு போர்வையாகத்தான் வெல்டு ஓடியிருந்தது. ராடு இருபக்கமும் எதிலும் ஒட்டாமல் கிடந்தது. இத்தகைய மூலை வெல்டுகளுக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுப்பதில்லை. கண்ணால் பார்ப்பதோடு சரி, சில இடங்களில் காந்தத் துகள் சோதனை. ஆகவே இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கடற்படை மேற்பார்வையாளராக இருந்திருந்தால் அவர் அந்த நிமிடமே குறைபாட்டு அறிக்கை எழுதியிருப்பார். தளம் அந்த வெல்டரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும். விஷயம் அதோடு முடிந்திருக்கும். அவர் அந்தப் பிளாக்கின் அதே வகை மூட்டுகள் அனைத்தையும் திறந்து பார்த்து மறுபடி வெல்டு செய்யவும், வகைப்பாட்டுச் சங்கத்தின் சர்வேயரிடம் சொல்லவும் தளத்தைச் சம்மதிக்க வைத்தார். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அதில் பேரம் இல்லை. வெல்டரின் பெயரை மட்டும் கேட்கவில்லை. ராடு திணிக்கும் அளவுக்கு அங்கே இடைவெளி எப்படி வந்தது என்று கேட்டார்.

இங்கே கொஞ்சம் கணக்கு தேவைப்படுகிறது. வகைப்பாட்டுச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு கட்டுமானத் தரத்துக்கென்று 47-ஆம் பரிந்துரை என்ற ஆவணத்தை வைத்திருக்கிறது. அதன்படி இரு தகடுகள் மூலையாகச் சேரும் இடத்தில் இடைவெளி 2 மி.மீ.க்குள் இருப்பது முறை, 3 மி.மீ. எல்லை. 3-ஐத் தாண்டி 5 வரை போனால், 2 மி.மீ.க்கு மேல் எவ்வளவு இடைவெளி உள்ளதோ அவ்வளவு வெல்டின் 'கால்' அளவை, அதாவது மூலையிலிருந்து தகட்டின்மேல் வெல்டு பரவும் நீளத்தை, பெரிதாக்க வேண்டும். அதற்கும் மேலே போனால் தகட்டின் விளிம்பைச் சரிவாக வெட்டி வெல்டால் கட்டியெழுப்ப வேண்டும், 16 மி.மீ.க்கு மேல் என்றால் புதுத் தகட்டுத் துண்டே வைக்க வேண்டும்.

வரைபடம் 6 மி.மீ. கால் கேட்கிறது, இடைவெளி 4 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கால் 8 மி.மீ. ஆக வேண்டும். வெல்டின் குறுக்குவெட்டு முக்கோணம்; பரப்பு 18 சதுர மி.மீ.லிருந்து 32-க்குப் போகிறது. ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுமார் 140 கிராம் உலோகம் போதும் என்றிருந்த இடத்தில் 250 கிராம் தேவை. இடைவெளியை நிரப்பப் போவது தனி. கண்ணுக்குத் தெரியாத 2 மி.மீ. வித்தியாசம், வெல்டரின் வேலையை முக்கால் பங்குக்கும் மேல் கூட்டிவிடுகிறது. கூடுதல் உலோகம் கூடுதல் சூடு. கூடுதல் சூட்டில் தகடு கூடுதலாக வளையும். வளைந்த தகட்டில் அடுத்த சட்டத்தை நிறுத்தினால் அங்கே இன்னும் பெரிய இடைவெளி. மே மாதத்தில் அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் படுத்திருந்தவர்களுக்கு 'முக்கால் பங்கு' என்பதன் பொருள் தெரியும்.

பிறகு கூலி முறையைப் பார்த்தார். இதுதான் முடிச்சு. ஃபிட்டர் குழுவின் கான்ட்ராக்டருக்கு, நிறுத்திய எஃகின் எடையைப் பார்த்து டன்னுக்கு இவ்வளவு என்று பணம். வெல்டர் குழுவின் கான்ட்ராக்டருக்கு மீட்டர் கணக்கில் பணம். அதுவும் வரைபடத்தில் உள்ள கால் அளவுக்கு. ஆக, ஃபிட்டர் எவ்வளவு வேகமாகத் தகட்டை நிறுத்திவிட்டு அடுத்த பிளாக்குக்குப் போகிறாரோ அவ்வளவு லாபம். அவர் விட்டுப்போன இடைவெளியை வெல்டர் கூலியில்லாமல் நிரப்ப வேண்டும். ராடு திணிப்பதும், சில மாதங்களில் வேறு இடம் பார்த்துப் போய்விடுவதும் அந்த நிலையில் ஒருவர் செய்யக்கூடிய இரண்டு காரியங்கள். இரண்டும் தளத்தின் ஏட்டில் 'வெல்டர் திறன் குறைவு', 'வெல்டர் பற்றாக்குறை' என்று பதிவாகிக்கொண்டிருந்தன.

ஃபிட்டர்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஓராண்டு, ஃபிட்டர் பிரிவு இரண்டாண்டு. ஆனால் பெரும்பாலான ஐ.டி.ஐ.களில் ஃபிட்டர் படிப்பு என்றால் வைஸில் பிடித்து அரம் போடுவது, துளையிடுவது, எந்திர பாகங்களைப் பொருத்துவது. பத்து மீட்டர் தகட்டில் சட்டகக் கோடு குறிப்பதையும், நூலும் தூக்குக்குண்டும் வைத்து நிறுத்துவதையும் அங்கே யாரும் சொல்லித்தருவதில்லை. கப்பல் ஃபிட்டர் வேலையைக் கூடவே இருந்து பார்த்துத்தான் கற்க வேண்டியிருந்தது; பார்த்துக் கற்க நிற்கவே நேரமில்லாத கூலி முறை மறுபக்கம்.

இவற்றோடு வடகிழக்குப் பருவமழைக் காலத்துக் கடற்காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வெல்டிங் சுடரைக் காக்கும் வாயுவைக் காற்று அடித்துக்கொண்டுபோனால் வெல்டுக்குள் துளைத் துளையாக விழும். மறைப்புத் துணி கட்டினால் தீரக்கூடியது. கட்டியதும் பெருமளவு தீர்ந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, வெல்டர் பயிற்சிக்கு ஒதுக்கிய இடங்களில் பாதியை ஃபிட்டர்களுக்கு மாற்றுவது. தள நிர்வாகம் கடுமையாக எதிர்த்தது. கேட்டது ஒன்று, தருவது ஒன்றா என்றார்கள். மேலே சொன்ன 140, 250 கிராம் கணக்கை அதிகாரி வெள்ளைப் பலகையில் எழுதியபோது உற்பத்தி மேலாளர் வாதத்தை நிறுத்தினார். நிதிப் பிரிவு நிறுத்தவில்லை.

அடுத்தது, வெல்டிங் தொடங்குமுன் ஒரு நிறுத்தம். ஃபிட்டர் வேலை முடிந்ததும், ஆப்பு வடிவ அளவுகோலால் குறித்த இடங்களில் இடைவெளியை அளந்து, ஃபிட்டர், வெல்டர் இரு தரப்பின் ஃபோர்மேன்களும் ஒரே தாளில் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகுதான் வெல்டர் கைவைக்கலாம். தரக்கட்டுப்பாட்டுப் பிரிவே அளக்கட்டும் என்ற யோசனையும் வந்தது. அதிகாரி மறுத்துவிட்டார். வெளியாள் அளந்தால் அது தேர்வாகிவிடும், எல்லாரும் அதில் தேறும் வழியைத்தான் தேடுவார்கள் என்பது அவர் கருத்து. வாழ்நாள் முழுக்க வெளியாளாக நின்று அளந்தவர் சொன்னதால் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

ஆராய்ச்சியைத் திருப்பியது மூன்றாவது முடிவு. என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுவே. வெல்டிங்கால் தகடு சுருங்கும் என்பதால், பிளாக் விளிம்புகளில் கூடுதலாகச் சில சென்டிமீட்டர் விட்டு வெட்டி, சேர்க்கும்போது கையால் அறுத்துச் சரிசெய்வது இந்தத் தளத்தின் பழக்கம். கையால் அறுத்த விளிம்பு அலை அலையாக இருக்கும். இடைவெளியின் ஊற்றுகளில் ஒன்று அது. எந்த வெல்டு மூட்டு எவ்வளவு சுருங்குகிறது என்று தளத்திலேயே அளந்து சேர்த்தால், சுருக்கத்தைக் கணக்கில் கொண்டு முதலிலேயே சரியாக வெட்டலாம்.

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 'யமாட்டோ' போர்க்கப்பலைக் கட்டிய ஜப்பானின் குரே கடற்படைத் தளத்தின் ஒரு பகுதியை 1951-இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று குத்தகைக்கு எடுத்தது. பிளாக் முறை அங்கே வேரூன்றியது. அதோடு புள்ளியியல் முறைத் தரக்கட்டுப்பாடும் சேர்ந்து ஜப்பானியத் தளங்களின் துல்லியக் கட்டுப்பாட்டு முறையாக வளர்ந்தது. பின்னாளில் அமெரிக்கத் தளங்களே அதை ஜப்பானிடமிருந்து திரும்பக் கற்றன. கடற்படைத் தளத்தில் பழகிய கைகள் வணிகக் கப்பலுக்கு மாறிய வரலாறு என்பதால் அதிகாரிக்கு அதில் தனிப் பிடிப்பு இருந்தது. வகுப்பில் இதைத் தேவைக்கு மேல் பேசினார் என்று மாணவர்கள் சொல்வதுண்டு.

எனவே கணிப்பு மாதிரிகளில் மூழ்கியிருந்த எம்.டெக். மாணவர்கள் அளவுநாடாவும் லேசர் கருவியும் எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போக வேண்டியதாயிற்று. பயிற்சி ஃபிட்டர்கள் அளப்பார்கள்; மாணவர்கள் அந்த எண்களை வரைபடமாக்கி மறுநாள் காலை பிளாக்கின் பக்கத்திலேயே ஒட்டுவார்கள். சராசரியைப் பார்க்க வேண்டாம், சிதறலைப் பாருங்கள் என்பது அதிகாரியின் ஓயாத பல்லவி. எப்போதும் 3 மி.மீ. வருகிறது என்றால் வெட்டும் அளவை மாற்றித் தீர்க்கலாம். ஒரு நாள் 0, மறுநாள் 6 என்றால் ஆளுக்கு ஆள் முறை மாறுகிறது என்று பொருள்.

பயிற்சியை எங்கே நடத்துவது என்பதில் மையத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. கல்லூரிப் பட்டறையில் நடத்தினால் பாதுகாப்பு, ஒழுங்கு, சான்றிதழ் எல்லாம் எளிது. அதிகாரி அமெரிக்காவின் நியூபோர்ட் நியூஸ் தளம் 1919 முதல் நடத்திவரும் பயிற்சிப் பள்ளியைச் சுட்டிக்காட்டினார்: அங்கே பயிற்சி பெறுபவர் கூலி வாங்கும் ஊழியராகவே படிக்கிறார், வேலை செய்துகொண்டே கற்கிறார். நம் தொழிற்பழகுநர் சட்டமும் 1961 முதல் உதவித்தொகையோடு பயிற்சி தர வழி வைத்திருக்கிறது. கடைசியில் முதல் சில வாரம் பட்டறையிலும் மீதி முழுவதும் தளத்தில், கப்பலின் வலிமைக்கு முக்கியமல்லாத உள் தடுப்புகளில் தொடங்கி நடத்துவது என்றானது. மெய்நிகர் கருவி கையின் கோணமும் நகரும் வேகமும் பழகுவதற்கு மட்டும் பயன்பட்டது. அதற்கு அது நல்ல கருவிதான். ஆனால் அதன் திரையில் வரும் தகடுகளுக்கு நடுவே ஒருபோதும் 6 மி.மீ. இடைவெளி இராது.

சான்றிதழ் விஷயத்தில் தளம் ஒரு நிபந்தனை போடப் பார்த்தது. வகைப்பாட்டுச் சான்று கையில் கிடைத்தால் ஆள் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுவான். சான்றைத் தளமே வைத்துக்கொள்ளட்டும் என்றார்கள். அதிகாரி ஒப்பவில்லை. தேர்வு எழுதியவனின் தாளைப் பூட்டிவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று எழுத்து மூலமாகவே சொன்னார்.

தொடர்ந்து நடந்தது

முதல் குழுவில் இருபது பேருக்குச் சற்றுக் குறைவு. பாதி ஃபிட்டர், பாதி வெல்டர். இரு பிரிவினரும் ஒருவர் வேலையை மற்றவர் சில நாட்கள் செய்ய வேண்டும் என்பது விதி. தான் நிறுத்திய தகட்டைத் தானே வெல்டு செய்து பார்த்த ஃபிட்டர் பையன் ஒருவன், "அண்ணே, இதைப் போய் இப்படியா நிறுத்தினேன்" என்று பயிற்றுநரிடம் தலையைச் சொறிந்தது பலமுறை பேசப்பட்ட கதை.

இரட்டைக் கையெழுத்துத் தாள் முதல் மாதத்தில் சண்டையைத்தான் தந்தது. ஃபிட்டர் கான்ட்ராக்டரின் ஆட்கள் கையெழுத்திட மறுத்தார்கள். தாளை வைத்துப் பின்னால் பணத்தைப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் பொய்யல்ல, நிதிப் பிரிவின் ஒரு கடிதத்தில் அந்த எண்ணம் இருந்தது. அதிகாரி குறிப்பிட்ட காலத்துக்குத் தாளைப் பணத்தோடு இணைக்கக்கூடாது என்று நிர்வாகத்திடம் எழுதி வாங்கினார். அதற்குப் பிறகே உண்மையான அளவுகள் வரத் தொடங்கின. அதுவரை எல்லா இடத்திலும் இடைவெளி சரியாக 2 மி.மீ. என்று இருந்தது.

அந்தத் தாள்களை வைத்துப் பார்த்ததில், பெரிய இடைவெளிகள் எல்லா இடத்திலும் பரவியிருக்கவில்லை. பெரும்பாலானவை இரண்டு இடங்களில் குவிந்திருந்தன: கையால் அறுத்த பிளாக் விளிம்புகளிலும், ஷிப்ட் மாறும் நேரத்தில் பாதியில் விடப்பட்ட சட்டங்களிலும். இரண்டாவதற்குச் செலவே இல்லாமல் தீர்வு கிடைத்தது. நிறுத்தத் தொடங்கிய சட்டத்தை முடித்துப் பொட்டு வெல்டு வைத்த பிறகே ஷிப்டை ஒப்படைப்பது. சொன்னவர் ஜார்க்கண்டைச் சேர்ந்த ஃபிட்டர் ஒருவர். அவர் இந்தியில் சொன்னதை ஃபோர்மேன் தமிழில் சொல்லித்தான் எங்களுக்குப் புரிந்தது.

விளிம்பு அறுப்பைத் தீர்க்க அதிக காலம் ஆனது. சுருக்க அளவுகள் போதுமான எண்ணிக்கையில் சேர்ந்த பிறகே வரைபட அலுவலகம் ஒரு வகைத் தட்டையான பிளாக்குகளுக்கு மட்டும் கூடுதல் விளிம்பை விலக்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. வளைந்த முன்பகுதி, பின்பகுதிப் பிளாக்குகளில் பழைய முறையே தொடர்கிறது. அங்கே சுருக்கத்தைக் கணிக்கும் அளவுக்கு எங்களிடம் தரவு இல்லை.

விளைவு

தட்டையான பிளாக்குகளில் மறுவேலை கண்கூடாகக் குறைந்தது. எவ்வளவு சதவீதம் என்று நிர்வாகம் அறிக்கைக்காகக் கேட்டது. அதிகாரி தரவில்லை. முன்னும் பின்னும் கட்டிய பிளாக்குகள் ஒரே மாதிரியானவை அல்ல, ஆட்களும் மாறிவிட்டார்கள், காற்று மறைப்பும் அதே நேரத்தில் வந்தது. எதனால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது அவர் பதில். விளம்பரத்துக்கு உதவாத பதில். ஆனாலும் ஆய்வு மையத்திலிருந்து வேறு பதில் வந்திருக்கக்கூடாது.

ராடு திணிப்பு அதற்குப் பிறகு திறந்து பார்த்த மாதிரி மூட்டுகளில் கிடைக்கவில்லை. சர்வேயரிடம் முன்வந்து சொன்னதால் தளத்துக்குத் தண்டனை வரும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். கூடுதல் சோதனைகள் வந்தன. அவற்றால் சில நாள் தாமதமும் வந்தது. அதைத் தாண்டி ஒன்றும் நடக்கவில்லை.

ஆட்கள் தங்கினார்களா? கலவையான பதில்தான். சான்று பெற்ற வெல்டர்களில் ஒரு பகுதியினர் தளம் பயந்தபடியே வெளிநாடு போனார்கள். ஃபிட்டர்கள் பெரும்பாலும் தங்கினார்கள். அதற்குக் காரணம் பயிற்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் கப்பல் ஃபிட்டருக்கு வெளியில் வெல்டர் அளவுக்குத் தேவை இல்லை என்பதும் ஒரு காரணம். தங்கியவர்களில் இருவர் இன்று பயிற்றுநர்கள்.

கூலி முறைதான் முழுதாக மாறவில்லை. வெல்டர் கான்ட்ராக்டருக்கு, தாளில் பதிவான கூடுதல் கால் அளவுக்குக் கூடுதல் விகிதம் தரத் தளம் நீண்ட இழுபறிக்குப் பின் ஒப்புக்கொண்டது. ஃபிட்டர் குழுவுக்கு டன் கணக்கே தொடர்கிறது. டன் கணக்கு இருக்கும்வரை இரட்டைக் கையெழுத்து ஒரு மேலாளரின் பிடிவாதத்தில்தான் நிற்கும் என்பதற்கு உடனே சான்றும் கிடைத்தது. அதிகாரி வேறொரு தளத்தின் வேலைக்காகச் சில மாதங்கள் விலகியிருந்தபோது தாள்களில் மறுபடியும் வரிசையாக 2 மி.மீ. தோன்றத் தொடங்கியது.

அதிகாரியைப் பற்றி ஒரு வார்த்தை. கடற்படையில் அவர் கட்டளையிட்டால் வேலை நடக்கும். இங்கே தளத்துக்கும் தொழிலாளிக்கும் நடுவே கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே துணைக் கான்ட்ராக்டர், அவருக்குக் கீழே ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்த மேஸ்திரி. இவர்களில் யாருக்கும் அவர் மேலதிகாரி இல்லை. முதல் ஆண்டில் அவருடைய கடிதங்கள் கடற்படைக் குறிப்பாணை போலவே இருந்தன, பதில் வரவில்லை. பிறகு கடிதத்தைக் குறைத்துக்கொண்டு மேஸ்திரிகளோடு தேநீர்க் கடையில் உட்காரத் தொடங்கினார். அங்கே அவர் கேப்டன் சார் ஆகவே இருந்தார், அது மாறவில்லை. ஆனால் அவருக்குக் கூலி விகிதப் பட்டியல் தெரிய வந்தது அங்கேதான்.

மறுபடி செய்தால்

2025 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை கப்பல் கட்டுமானத்துக்கு 69,725 கோடி ரூபாய்த் தொகுப்புக்கு ஒப்புதல் தந்தது. ஆட்பயிற்சியும் அதன் நோக்கங்களில் ஒன்று. தூத்துக்குடியில் புதிய தளங்களுக்கான திட்டங்களும் பேசப்படுகின்றன. இந்த வகைப் பயிற்சித் திட்டங்கள் இனி நிறைய எழுதப்படும் என்பதால், மையத்தின் மீளாய்வுக் கூட்டத்தில் ஒப்புக்கொண்ட மாற்றங்களைத் தருகிறேன்.

தளத்தின் கோரிக்கையோடு அதன் கூலி விகிதப் பட்டியலையும் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டும். எங்களுக்கு அது கிடைத்தது வெகு தாமதமாக, அதுவும் சுற்றுவழியில். கான்ட்ராக்டர்கள் திட்டக் குழுவில் தொடக்கத்திலிருந்தே உட்கார வேண்டும். தளம் பேசி முடித்த பிறகு அவர்களிடம் அறிவிப்பாகப் போய்ச் சேர்ந்ததால்தான் தாளைப் பார்த்ததும் மிரண்டார்கள்.

பயிற்சி பெற வருகிறவர்களுக்கு முன்னால் ஃபோர்மேன்களுக்குப் பயிற்சி தரவேண்டும். முதல் குழுவினர் கற்றுக்கொண்டதைத் தளத்தில் செய்ய முயன்றபோது, சில ஃபோர்மேன்கள் "கல்லூரிப் பாடத்தை அங்கேயே வைத்துக்கொள் தம்பி" என்று நிறுத்தினார்கள். இரவு ஷிப்டுக்கென்று தனியாக அளப்பவர் வேண்டும்; பகலில் அளந்த பிளாக்கில் இரவில் நிறுத்திய சட்டங்கள் பல தாளுக்கு வரவேயில்லை.

பயிற்சியை மூன்று மொழியில் தர வேண்டும். ஒடியாவில் ஒரு சிறு கையேடு அச்சிட்டதே கடைசிக் கட்டத்தில்தான். அதில் சொற்களைவிடப் படங்கள்தான் வேலை செய்தன என்பது வேறு.

ஆராய்ச்சிப் பக்கம் தீராத சிக்கல் காலக்கணக்கு. எம்.டெக். மாணவரின் ஆண்டு மே மாதத்தில் முடிகிறது, பிளாக் முடிவதில்லை. அளந்துகொண்டிருந்த மாணவர் பட்டம் பெற்றுப் போனதும், அடுத்தவர் கருவியைப் பழகும் வரை ஒரு பிளாக்கின் தரவில் பெரிய ஓட்டை விழுந்தது. வளைந்த பிளாக்குகளுக்கு எங்களிடம் எண்கள் இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த நிதி விண்ணப்பத்தில் மாணவர்களை நம்பாமல், ஒரு கப்பலின் முதல் தகடு வெட்டுவதிலிருந்து அது நீரில் இறங்கும்வரை தளத்திலேயே இருக்கும் இரண்டு திட்டப் பணியிடங்களைக் கேட்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றுக்குப் பட்டதாரி வேண்டாம், அனுபவமுள்ள கப்பல் ஃபிட்டர் போதும் என்று அதிகாரி தகுதிப் பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறார். கல்லூரி நிர்வாகம் அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.